ஸ்டீரியோவைத் துறக்கும் வானொலி நிலையங்கள்

பழைய பண்பலை வானொலிப் பெட்டிகளின் முகப்பிலே ஒரு சிறு செந்நிற விளக்கு இருப்பதைப் பலர் கண்டிருப்பர். நிலையமொன்றைச் சரியாகப் பிடித்ததும் அது பளிச்சென எரியும். அருகே ‘ஸ்டீரியோ’ என்று எழுதப்பட்டிருக்கும். விளக்கு எரிந்தால், பெட்டி வாங்கிய காசு வீண்போகவில்லை என்று வீட்டுத் தலைவர் மகிழ்வார். ஆனால், நிலையத்திலிருந்து வெகு தொலைவில் உள்ள வீடுகளிலே அவ்விளக்கு எரியத் தொடங்கும் அதே கணத்தில் ‘உஸ்’ என்றதோர் இரைச்சலும் உடன் எழும். பக்கத்திலுள்ள ‘மோனோ’ என்னும் சுவிச்சை அழுத்தினால் விளக்கு அணையும், இரைச்சலும் அடங்கும். பாட்டு இருபுறமும் பரந்து ஒலிப்பது நின்றுவிடும். ஆயினும் சொல் தெளிவாகக் கேட்கும்.

நேயர் வீட்டிலே செய்யும் இக்காரியத்தை ஒலிபரப்பும் இடத்திலேயே செய்துவிடும் நிலையங்களும் உலகில் உள. நல்ல கருவிகள் கையில் இருந்தும் அவை ஸ்டீரியோவை வேண்டாமென்று நிறுத்தி, ஒற்றை ஒலியாகவே தம் நிகழ்ச்சிகளை அனுப்புகின்றன. அமெரிக்காவிலே செய்தியும் பேச்சுமே நாள் முழுவதும் வழங்கும் நிலையங்கள் சிலவும், மிகச் சிறிய ஊர் நிலையங்கள் சிலவும் இவ்வழியைக் கைக்கொண்டன. கையிலுள்ள இன்பமொன்றை விற்றுத் தூரத்தை வாங்கும் வியாபாரம் இது. இதில் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்பதை அறிய வேண்டுமாயின், பண்பலை வானொலி பிறந்த கதையிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

பண்பலை வானொலி பிறந்ததே இரைச்சலை ஒழிப்பதற்காகத்தான். அதற்கு முன்னிருந்த மத்திய அலை ஒலிபரப்பிலே காவியலையின் உயரம் ஒலிக்கேற்பக் கூடியும் குறைந்தும் வரும். மின்னல் வெட்டினாலும், அயல்வீட்டு மோட்டார் ஓடினாலும் அவையும் அலையின் உயரத்தையே மாற்றுவனவாதலின், வானொலிப் பெட்டி எது பாட்டு, எது இடி என்று பிரித்தறியமாட்டாது இரண்டையும் கொட்டிவிடும். நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வின் ஆம்ஸ்ட்ரோங் என்பவர், அலையின் உயரத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் மீடிறனை, அதாவது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் தொகையை, ஒலிக்கேற்ப மாற்றினால் என்ன என்று ஆராய்ந்தார். 1933 டிசெம்பரில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1935 நவம்பரிலே நியூயோர்க்கில் வானொலிப் பொறியியலாளர் முன்னிலையில் அவர் அதனைச் செய்து காட்டியபோது, குவளையில் நீர் வார்க்கும் ஓசையும் கடதாசி கிழியும் ஓசையும் அருகில் நிகழ்வனபோற் கேட்டனவாம். அவ்வோசைகளிலும் பார்க்க, அவற்றிற்கிடையே இருந்த நிசப்தமே கூடியிருந்தோரைத் திகைக்க வைத்தது. அந்த நிசப்தத்தைத் தந்தவர், பெரிய நிறுவனங்களோடு பல்லாண்டு வழக்காடிச் செல்வமும் உளவலியும் இழந்து, 1954 இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவருடைய மனைவி வழக்குகளைத் தொடர்ந்து நடத்தி, ஒவ்வொன்றாக வென்றார். கடைசி வழக்கு முடிந்தபோது 1967 ஆம் ஆண்டாகிவிட்டது.

ஆம்ஸ்ட்ரோங் அமைத்தது ஒற்றை ஒலி. ஸ்டீரியோ அதற்குப் பின்னரே வந்து சேர்ந்தது. நமக்குச் செவிகள் இரண்டு. மேடையின் இடப்பக்கத்து வயலினும் வலப்பக்கத்து மிருதங்கமும் வெவ்வேறு திசையிலிருந்து வருவதை அவை உணர்கின்றன. அவ்வாறே இரண்டு ஒலிவாங்கிகளால் வாங்கி, இரண்டு ஒலிபெருக்கிகளால் வெளியிடுவதே ஸ்டீரியோ. இசைத்தட்டில் இது எளிது. வானொலியிலோ ஒரு பெரும் இடர்ப்பாடு இருந்தது. 1961 அளவில் அமெரிக்க வீடுகளிலே ஒற்றை ஒலிப் பண்பலைப் பெட்டிகள் ஏராளமாக இருந்தன. இடப்பக்க ஒலியை மட்டும் பழைய அலையில் அனுப்பினால், அப்பெட்டிக்காரருக்கு மிருதங்கம் மறைந்துபோகும். அவர்களைக் கைவிடாமலே புதியோருக்கு ஸ்டீரியோ வழங்க வேண்டும்.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழி, கீழ்வகுப்புக் கணிதம் அறிந்த எவருக்கும் விளங்கக்கூடியது. இட ஒலியை 7 என்றும் வல ஒலியை 3 என்றும் கொள்வோம். நிலையம் 7 ஐயும் 3 ஐயும் தனித்தனியே அனுப்புவதில்லை. அவற்றின் கூட்டுத்தொகையாகிய 10 ஐயும், வித்தியாசமாகிய 4 ஐயும் அனுப்புகிறது. பழைய பெட்டி 10 ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். அதில் இரு பக்கத்து வாத்தியங்களும் அடங்கியிருக்கும். புதிய பெட்டி இரண்டையும் எடுத்து, கூட்டிப் பாதியாக்கினால் 7. கழித்துப் பாதியாக்கினால் 3. இட ஒலியும் வல ஒலியும் மீண்டும் கைக்கு வந்துவிட்டன. ஜெனரல் இலெக்ட்ரிக், செனித் என்னும் நிறுவனங்கள் வகுத்த இம்முறையை அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 1961 ஏப்பிரலில் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு யூன் முதலாந் திகதி நள்ளிரவு கழிந்ததும் செனெக்டடி நகரத்து டபிள்யூ.ஜி.எப்.எம். நிலையம் முதலிலும், ஒரு மணி நேரத்தின் பின் சிக்காகோவின் டபிள்யூ.ஈ.எப்.எம். நிலையமும் ஸ்டீரியோவைத் தொடங்கின. உலகின் பெரும்பாலான நாடுகளிற் பின்னர் பரவியதும் அடிப்படையில் அதே முறைதான்.

கூட்டுத்தொகையும் வித்தியாசமும் ஒரே அலையிற் சென்றால் ஒன்றோடொன்று கலந்துவிடமாட்டாவோ? கலவாதபடி அவற்றைத் தனித்தனி மாடிகளிற் குடியமர்த்தினர். கூட்டுத்தொகை 15 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள கீழ்மாடியில் இருக்கும். வித்தியாசம் 23 முதல் 53 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள மேல்மாடிக்கு ஏற்றப்படும். இரண்டிற்கும் இடையே, 19 கிலோஹேர்ட்ஸில், மெல்லிய ஒரு தனித்தொனி ஒலித்துக்கொண்டே இருக்கும். இதற்கு வழிகாட்டித் தொனி என்று பெயர். மனிதச் செவிக்கு எட்டாத இத்தொனியைக் கண்டதும் பெட்டி ‘மேல்மாடியில் ஆள் இருக்கிறது’ என்று தெரிந்துகொண்டு, அங்குள்ள வித்தியாசத்தை இறக்கிக் கொணரும். நாம் தொடக்கத்திற் கண்ட செந்நிற விளக்கை ஏற்றுவதும் இத்தொனியே.

இனி, இரைச்சல் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். மாணவர்கள் இவ்விடத்திற் சற்று நின்று படித்தல் நன்று. ஏனெனில், முழு விடயமும் இதிலேதான் தங்கியிருக்கிறது. ஊஞ்சல் ஒன்று ஒரு முழம் முன்னும் பின்னும் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மெல்ல ஆடினால் அதன் வேகம் சிறிது. அதே ஒரு முழத் தூரத்தை, முன்னையிலும் பத்து மடங்கு அடிக்கடி ஆடுமாயின் வேகமும் பத்து மடங்காகும். வானிலும் வாங்கியின் உள்ளேயும் எக்காலமும் இருக்கும் சிறு மின் குழப்பங்கள் வருகின்ற அலையை இவ்வாறே சற்று முன்னும் பின்னும் தள்ளுகின்றன. மெதுவான ஆட்டமாயினும் விரைவான ஆட்டமாயினும் தள்ளும் தூரம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால், பண்பலைப் பெட்டி தூரத்தை அளப்பதில்லை, வேகத்தையே அளக்கிறது. மீடிறனை அறிவது என்றால் அதுதானே! ஆகவே, 1 கிலோஹேர்ட்ஸில் ஒரு பங்காக இருக்கும் இரைச்சல் 38 கிலோஹேர்ட்ஸில் 38 பங்காகிவிடுகிறது. மாடி உயர உயர ஒழுக்கும் கூடுகிற வீடு இது. வித்தியாசத்தைக் கொண்டுபோய்க் குடிவைத்ததோ, ஒழுக்கு மிகுந்த மேல்மாடியில்!

நிலையத்திற்கு அருகே உள்ளவருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. அலை வலுவாக இருக்கும்போது மழையே இல்லை. கூரை ஒழுகினால் என்ன, ஒழுகாவிட்டால் என்ன? அலை மெலியும் எல்லைப்புறத்திலேதான் குறை வெளிப்படும். அங்கே ஸ்டீரியோவின் இரைச்சல் மோனோவின் இரைச்சலிலும் சுமார் 20 டெசிபெல் மிகுதி. வலுவிற் கணக்கிட்டால் 100 மடங்கு.

மோனோ சுவிச்சு இந்த இரைச்சலை எவ்வாறு அடக்குகிறது என்பதும் அழகான கணக்குத்தான். மேல்மாடியிலிருந்து இறங்கும் இரைச்சல், இடப்பக்கத்திற்குக் கூட்டலாகவும் வலப்பக்கத்திற்குக் கழித்தலாகவும் போய்ச் சேர்கிறது. இரு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அழித்துவிடும். கீழ்மாடியின் அமைதியான ஒலி மாத்திரம் எஞ்சும்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நிலையங்களைத் திட்டமிடுவோருக்கு வகுத்துள்ள அளவுகள் இவ்வேற்றுமையைத் தெளிவாகக் காட்டுகின்றன. இயந்திர இரைச்சல் இல்லாத அமைதியான இடத்திலே, மோனோவை நன்கு கேட்பதற்கு அலையின் புலவலிமை மீற்றருக்கு 50 மைக்ரோவோல்ற் இருந்தாற் போதும். ஸ்டீரியோவுக்கோ 250 வேண்டும். ஐந்து மடங்கு என்று அலட்சியமாக எண்ணலாகாது. புலவலிமை ஐந்து மடங்காக வேண்டுமாயின் நிலையத்தின் வலு ஐந்தின் வர்க்கமாக, அதாவது 25 மடங்காக, வேண்டும். சாதாரண நாட்டுப்புறங்களுக்கு 250 உம் 500 உம் என்பது கணக்கு. வலுவில் நான்கு மடங்கு. பெருநகரங்களில் இரண்டிற்கும் வலிய அலையே வேண்டியிருத்தலால் வேற்றுமை சுமார் இரண்டரை மடங்காகச் சுருங்கிவிடும். ஸ்டீரியோவைத் துறப்பதன் பயன் நகரத்தானுக்குச் சிறிது, நாட்டுப்புறத்தானுக்கே பெரிது.

வலு 25 மடங்கானால் தூரமும் 25 மடங்காகும் என்று எவரும் கனவு காணவேண்டாம். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வது; பூமியின் வளைவு அதனை மறைத்துவிடும். 100 மீற்றர் உயரமான கோபுரத்திலிருந்து புறப்படும் அலை சமநிலத்திலே சுமார் 41 கிலோமீற்றர் தொலைவில் அடிவானத்தைத் தொடும். அதற்கு அப்பால் விரைந்து தேயும். எனவே, மோனோவினாற் கிடைப்பது வரைபடத்தின் ஓரத்திலே ஒரு வளையம். ஆனால், அந்த வளையத்தின் உள்ளே ஊர்கள் இருக்கின்றன.

இவ்வோர வளையம் யாருக்குப் பெரிதும் வேண்டியது என்பதற்கு அமெரிக்காவின் ‘குறைவலுப் பண்பலை’ நிலையங்கள் நல்ல எடுத்துக்காட்டு. பாடசாலைகள், தேவாலயங்கள், ஊர்ச்சங்கங்கள் முதலிய இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கென 2000 ஆம் ஆண்டிலே இவ்வகுப்பு ஏற்படுத்தப்பட்டது. 30 மீற்றர் உயரத்து ஏரியலோடு 100 வாற்றே இவற்றிற்கு உச்ச வரம்பு. நம் வீடுகளில் ஒரு காலத்தில் எரிந்த பெரிய மின்குமிழ் ஒன்றின் வலு அவ்வளவுதான். சட்டப்படி கணக்கிட்டால் அதன் குரல் எட்டுவது சுமார் 5½ கிலோமீற்றர். வலுவைக் கூட்டச் சட்டம் இடந்தராது. கோபுரத்தை உயர்த்தினால் வலுவைக் குறைக்கச் சொல்லும். எஞ்சியிருக்கும் ஒரே வழி வழிகாட்டித் தொனியை நிறுத்துவது. மேலே கண்ட அளவின்படி, அமைதியான நாட்டுப்புறத்தில் 100 வாற் மோனோ நிலையம் 2,500 வாற் ஸ்டீரியோ நிலையத்திற்கு நிகராகக் கேட்கும். செலவு ஒரு சதமும் இல்லை.

இத்தகைய சிறு குரல்களை இகழ்தல் தகாது. 2005 ஓகஸ்ட் 29 ஆம் திகதி கத்ரீனாச் சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியபோது, பெரிய நிலையங்கள் பல வாயடைத்துப் போயின. மிசிசிப்பி மாநிலத்தின் பே செயின்ற் லூயிஸ் என்னும் சிற்றூரிலே டபிள்யூ.கியூ.ஆர்.இசட். என்ற குறைவலு நிலையம் ஓயாது ஒலித்தது. நிவாரணம் பற்றிய செய்திகளை அவ்வட்டார மக்கள் அதன்மூலம் அறிந்தனர். அத்தகைய வேளையில், எல்லைப்புறத்து வீட்டில் ஒரு சொல் இரைச்சலில் மூழ்கினும் கேடுதான்.

இதனை விளக்கும்போது வகுப்பிலே மாணவர் எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு: ‘செய்தி வாசிப்பவர் ஒருவர்தானே? இடமும் வலமும் ஒன்றே, வித்தியாசம் பூச்சியம். அவ்வாறாயின் மேல்மாடி வெறுமையாகத்தானே இருக்கும்? இரைச்சல் எப்படி வரும்?’ நல்ல கேள்வி. மேல்மாடி வெறுமைதான், ஆயினும் வழிகாட்டித் தொனி ஒலித்துக்கொண்டிருக்கும்வரை பெட்டி அதன் கதவைத் திறந்தே வைத்திருக்கும். குடியிருப்பவர் இல்லாத மாடியிலிருந்து ஒழுக்கு நீர் மட்டும் இறங்கி வரும். ஒரு மணி நேரப் பேச்சை ஸ்டீரியோ விளக்கோடு அனுப்பும் நிலையம், தூரத்து நேயருக்கு ஸ்டீரியோவின் இன்பத்தில் ஒரு துளியும் கொடாமல் அதன் துன்பத்தை முழுவதும் கொடுக்கிறது. பேச்சையே தொழிலாகக் கொண்ட நிலையங்கள் தொனியை நிறுத்துவது இதனாலேதான். இரவு முழுவதும் இசையும் பகல் முழுவதும் பேச்சுமாக நடத்துவோர், நேரத்திற்கேற்ப அதனை இயக்கவும் நிறுத்தவும் தடையில்லை. பலர் அவ்வாறு செய்யாமைக்கு, விளக்கு அணைந்தால் ‘நிலையம் தாழ்ந்துவிட்டது’ என நேயர் நினைப்பர் என்ற அச்சமே காரணம் என்பது என் எண்ணம்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. ஒரே ஒலிபெருக்கி கொண்ட சாதாரண மோனோப் பெட்டிக்கு இந்த வியாபாரத்தில் ஏறக்குறைய ஒன்றும் கிடைப்பதில்லை. அது மேல்மாடிக்கு ஒருபோதும் சென்றதேயில்லை. வழிகாட்டித் தொனிக்கென ஒதுக்கிய சுமார் 9 சதவீத இடம் மீளக் கிடைப்பதால் ஒலி சற்று உரக்கலாம், அவ்வளவே. பயன் பெறுவோர் ஸ்டீரியோப் பெட்டி வைத்திருப்போர். அவர்களும் சுவிச்சை அழுத்தி அதே பயனைப் பெறலாமே என்று கேட்கலாம். சுவிச்சு இருந்தாற் பெறலாம். இன்றைய சிறு கருவிகள் பலவற்றில் அந்தச் சுவிச்சையே காணோம். நேயர் கையிலிருந்து அதனைப் பறித்தது பெட்டி செய்தவர். அதனால் முடிவு நிலையத்தின் கைக்குப் போய்விட்டது.

மோட்டார் வண்டியிலுள்ள வானொலி இவ்விடயத்தில் சற்றுப் புத்தியுள்ளது. அலை மெலியத் தொடங்கியதும், ஸ்டீரியோவை ஒரேயடியாக வெட்டாமல், இடத்தையும் வலத்தையும் சிறிது சிறிதாகக் கலந்து மோனோவாக்கிவிடும். வண்டியில் இருப்பவர் அதனை உணர்வதே இல்லை. மலைப்பாதையிலே இதற்கு வேலை மிகுதி. அங்கே அலை மெலிவதோடு நில்லாது, மலைமுகட்டில் மோதித் திரும்பிய அலையும் நேரே வந்த அலையும் ஒன்றையொன்று குலைக்கும். மேல்மாடியிலுள்ள வித்தியாசமே முதலிற் சிதைவது. ‘ச’கரமும் ‘ஷ’கரமும் கிழிந்து ஒலிக்கும். கொழும்பிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்திற் செல்வோர், காதிற் செருகிய கேள்விக் கருவியோடு வானொலி கேட்டுப் பார்த்தால் இவ்விரு குறைகளையும் ஒரே பயணத்தில் அறிந்துகொள்ளலாம்.

ஸ்டீரியோவையும் தூரத்தையும் ஒருங்கே பெற முயன்றவர் இல்லாமலில்லை. 1980 களில் சி.பி.எஸ். நிறுவனத்தைச் சேர்ந்த எமில் ரொரிக்கும், அமெரிக்கத் தேசிய ஒலிபரப்பாளர் சங்கத்தைச் சேர்ந்த தோமஸ் கெல்லரும் ‘எப்.எம்.எக்ஸ்.’ என்னும் முறையை வகுத்தனர். வித்தியாசத்தின் மெல்லொலிகளை முன்னதாகவே உரப்பித்து மேல்மாடிக்கு இன்னுமொரு பிரதியாக அனுப்பிவிட்டு, பெட்டியில் மீண்டும் தணித்துக்கொண்டால், தணிக்கும்போது இரைச்சலும் தணியும் என்பது அவர்கள் கருத்து. கடதாசியிற் கணக்குச் சரியாகவே இருந்தது. 1989 சனவரியிலே மசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த அமர் போஸ், வில்லியம் ஷோர்ட் என்னும் இருவர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கட்டடங்களிலும் குன்றுகளிலும் மோதித் திரும்பும் அலைகள் உள்ள இடத்தில் இம்முறை ஒலியைத் திருத்துவதற்கு மாறாகக் கெடுக்கும் என்று அவர்கள் காட்டியதும் பெரும் வாக்குவாதம் மூண்டது. (இந்தப் போஸ், ஒலிபெருக்கிகளாற் புகழ்பெற்ற அதே போஸ்தான், அவர் தந்தையார் வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலை வீரர்.) ‘எப்.எம்.எக்ஸ்.’ பெட்டிகள் சிலவே விற்பனைக்கு வந்தன. பின்னர் அம்முறை மறைந்தொழிந்தது.

எண்முறை வானொலி வந்த நாடுகளில் இப்பேரம் வேறு உருவம் கொண்டுவிட்டது. நோர்வே 2017 இல் தன் தேசிய நிலையங்களின் பண்பலை ஒலிபரப்பை நிறுத்தி எண்முறைக்கு மாறிற்று. எண்முறையில் அலை மெலிந்தால் இரைச்சல் எழுவதில்லை. ஓரளவு வரை பாட்டு முழுமையாகக் கேட்கும், அதற்கப்பால் ஒன்றுமே கேளாது. இரைச்சலோடேனும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளும் வசதி பண்பலைக்கே உரியது.

எந்த நிலையம் துறக்கலாம், எது துறக்கலாகாது? கச்சேரியையும் நாடகத்தையும் சிறப்பாக வழங்கும் நிலையம் ஸ்டீரியோவைக் கைவிடுவது, நல்ல சமையலில் உப்பை நிறுத்துவது போலாகும். செய்தி, காலநிலை அறிவித்தல், சந்தை விலை, மரண அறிவித்தல் என்பவற்றையே பெரும்பகுதியாகக் கொண்ட நிலையம் அதனைப் பிடித்துக்கொண்டிருப்பது வீண் பகட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. பகட்டின் செலவை நகரத்து நேயர் கொடுப்பதில்லை. ஓரத்து ஊரவரே கொடுக்கின்றனர்.

நிலையம் என்ன முடிவு செய்யினும், வீட்டிலிருப்போர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. 100 மெகாஹேர்ட்ஸில் வானொலி அலையின் நீளம் 3 மீற்றர். அதன் பாதி 1½ மீற்றர். ஒவ்வொன்றும் 75 சதமமீற்றர் நீளமுள்ள இரண்டு செப்புக் கம்பிகளை ஒரு மூங்கிற்றடியில் ஒரே கோட்டிலே எதிரெதிராகக் கட்டி, நடுவிலுள்ள இரு முனைகளிலும் வடத்தின் இரு கம்பிகளை இணைத்து, வீட்டினுள்ளே பெட்டியின் ஏரியல் துளைகளிற் கொடுத்தால் நல்லதோர் ஏரியல் ஆயிற்று. தடியைக் கூரைக்கு மேலே, மின்சாரக் கம்பிகளுக்கு எட்டாத இடத்தில் நிறுத்தி, கம்பிகளின் பக்கவாட்டு முகம் நிலையத்தை நோக்குமாறு திருப்புதல் வேண்டும். கம்பிகள் கிடையாக இருப்பதும் நிமிர்ந்து நிற்பதும் நிலையத்தின் ஏரியலைப் பொறுத்தது. இரு விதமும் வைத்துப் பார்த்து, இரைச்சல் எதிற் குறைகிறதோ அதிலேயே கட்டிவிடலாம். அறையினுள் மேசைமேல் இருந்த பெட்டிக்கு எட்டாத அலை கூரைமேல் எட்டும். செந்நிற விளக்கும் இரைச்சலின்றி எரியக்கூடும்.